இருட்டில் பார்க்கும் கருவி வாங்க வந்தவர்கள்

இருட்டில் பார்க்கிற கருவியைப் பட்டப்பகலில் டியூப்லைட்டுக்குக் கீழே நின்று விற்பதுதான் என் தொழில். சேலைக் கடையில் மடிப்புப் பிரித்துக் காட்டலாம். பாத்திரக் கடையில் தட்டிக் காட்டலாம். நான் ராத்திரியை எங்கே போய் எடுத்து வந்து காட்டுவது? காலையிலிருந்து கால் கடுக்க நின்று, வாங்காமல் போகிறவருக்கும் சிரித்த முகமாக "வாங்க, போயிட்டு வாங்க" சொல்லிப் பிழைக்கிற அக்கா தங்கச்சிகளே, நீங்கள் இதைப் படித்தால் கொஞ்சமாவது ஆறுதலாக இருக்கும் என்றுதான் எழுதுகிறேன்.

ஆனைமலை போகிற ரோட்டில் எங்கள் கடை. சிசிடிவி கேமரா, சோலார் வேலி, சைரன் எல்லாம் உண்டு. இப்போது கொஞ்ச காலமாகத் தெர்மல் வந்திருக்கிறது. டார்ச் லைட் அளவுதான் இருக்கும்; ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் பார்க்க வேண்டும். நைட் விஷன் என்று வேறொன்றும் இருக்கிறது. அதற்கு நிலா வெளிச்சமாவது வேண்டும், இல்லாவிட்டால் அதனுடைய லைட்டே கொஞ்சம் வெளிச்சம் அடித்துக்கொள்ளும். தெர்மலுக்கு அதெல்லாம் வேண்டாம். உடம்புச் சூட்டைப் பார்த்தே ஆள், மாடு, பன்னி, யானை என்று வெள்ளை வெள்ளையாகக் காட்டிவிடும். முன்னே மிலிட்டரிக்காரர்கள்தான் வைத்திருப்பார்களாம். இன்றைக்கு ஒரு நல்ல செல்போன் விலைக்கு வந்துவிட்டது. மலிவு என்றுதான் நானும் எல்லோரிடமும் சொல்கிறேன், எங்கள் வீட்டுக்கு அந்த மலிவு இன்னும் வந்து சேரவில்லை.

இதை நான் தொண்டை வறள விற்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் சேவியர் மலையடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்புக்கு ராக்காவல். கையில் ஒரு டார்ச், பையில் கொஞ்சம் பட்டாசு, அவ்வளவுதான். டார்ச் அடித்தால் யானை நமக்குத் தெரிவதற்கு முன்னால் நாம் யானைக்குத் தெரிந்துவிடுவோம். தெர்மல் இருந்தால் யானை தோப்புக்குள் கால் வைக்கும்போதே பார்த்து ஒதுங்கிக்கொள்ளலாம். அப்படி ஒன்று அவர் கைக்கு எப்படியாவது வந்து சேர வேண்டும். நான் இந்தக் கடையில் நின்ற நாளெல்லாம் அதே நினைப்புதான்.

பன்னி இல்லீங்க

பெருந்துறைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்கு வந்தவர், போர்டைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். கடையில் நாங்கள் எல்லோருக்கும் காட்டுகிற வித்தை ஒன்று உண்டு. சுவரில் உள்ளங்கையை அழுத்தி வைக்கச் சொல்வோம். கையை எடுத்த பிறகு கருவி வழியாகச் சுவரைப் பார்த்தால், எடுத்த கை அங்கேயே வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும். பெரியவர் அதைப் பார்த்துவிட்டுத் தன் கையையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

நான் விடவில்லை. மரவள்ளிக் காட்டில் பன்னி புகுந்தால் எப்படித் தெரியும், விடிகாலையில் கடலைக் காட்டில் மயில் இறங்கினால் எப்படித் தெரியும், பொழுது சாய்ந்தவுடனே பார்த்தால் வெயிலில் காய்ந்த கல்லும் பன்னி மாதிரியே தெரியும், அதனால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்று பாடமாக ஒப்பித்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் குரலைத் தணித்து, கடப்பாரையோடு ஒருத்தன் எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் குனிந்தால் தெரியுமா என்று கேட்டார். பன்னித் தொந்தரவு உங்களுக்கு இல்லையா என்றேன்.

"பன்னி வந்தா ஒரு பாத்தி கெழங்கோட போயிருமுங்க அம்மணி, பங்காளி வந்தா பூமியில்ல போகுது?"

யானை கியாரண்டி

சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற தம்பி ஒருவர். வாரக் கடைசியில் ஆள் வந்து தங்குவதற்கு மலையோரமாக நாலு குடிசை மாதிரி கட்டி விட்டிருக்கிறார். குடிசைதான், ஆனால் உள்ளே ஏசி. தெர்மலில் வீடியோ எடுக்க முடியுமா, செல்போனுக்கு அனுப்ப முடியுமா, எவ்வளவு தூரத்தில் யானை தெரியும் என்று நல்ல நல்ல கேள்வியாகக் கேட்டார். எனக்கும் சந்தோஷம். யானை வருகிற தடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறீர்களே, பயமில்லையா என்று விசாரித்தேன். பயமா, அதுதானே பிசினஸ் என்றார்.

என் வீட்டில் தினமும் பொழுதோடு நானும் மகளும் மாதா படத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு, இன்றைக்கு யானை வரக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறோம். பாதி ஜெபத்திலேயே தூங்கிப்போகிற பிள்ளை அந்த ஒரு வரியை மட்டும் விடாமல் சொல்லும். இந்தத் தம்பியின் வேண்டுதல் வேறு. யானை வராவிட்டால் வரவைக்கிற மாதிரி சத்தம், வாசனை ஏதாவது சாமான் வைத்திருக்கிறீர்களா என்றார். அப்படி எல்லாம் செய்யக்கூடாதுங்க, கேஸ் ஆகிவிடும் என்று சொன்னதும் முகம் வாடிப்போனது.

"உங்களுக்குத் தெரியாதுக்கா, யானை வராட்டி ஒரே ஒரு ஸ்டார்தான் போடறாங்க."

ஆள் அடையாளம்

இவர் கடைக்குள் வந்ததும் முதலில் என்னைத்தான் விசாரித்தார். எந்த ஊர், எந்தத் தெரு, கழுத்தில் சிலுவையா என்று. சர்ச் தெரு என்றேன். ஓ என்று சொல்லிவிட்டு, நான் நீட்டிய தண்ணீர் பாட்டிலை அப்படியே கவுண்ட்டரில் வைத்துவிட்டார். எங்களுக்கு இதெல்லாம் பழக்கம். வியாபாரத்தில் அந்த ஓ-வுக்கெல்லாம் மூஞ்சியைச் சுருக்க முடியாது.

காலேஜ் போகிற அவர் மகளிடம் பேசுவதற்குக் கொல்லைப் பக்கம் யாரோ ஒரு பையன் வருகிறானாம். வருவது தெரிகிறது, யாரென்று தெரியவில்லை. கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்து, தெர்மலைக் கையில் கொடுத்து எதிர் டீக்கடையைப் பார்க்கச் சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள், டீ ஆற்றுகிறவர், ஓரமாகப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா, எல்லோரும் வெள்ளை வெள்ளை உருவமாகத் தெரிந்தார்கள். மூஞ்சி தெரியலையே என்றார். மூஞ்சி தெரியாதுங்க, சூடு மட்டும்தான், யாராக இருந்தாலும் இப்படித்தான் என்றேன். அந்தப் பெண் பிள்ளைக்காக என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வியாபாரம் கெட்டுப்போக வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டேன். மாதா கேட்டுக்கொண்டாள். அவர் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் செருப்பைப் போட்டார்.

"எல்லாரும் ஒரே மாதிரித் தெரியறதுக்கு எதுக்குங்க இத்தனை வெலையில ஒரு பொருளு?"

எரியலையல்ல

எங்கள் கடையில் கேமரா மாட்டுகிற மணி என்னை அக்கா என்பான். ஒருநாள் ஒரு மில்லுக்குத் தெர்மல் காட்டப் போனவன், மோட்டாருக்குக் கரண்ட் போகிற பேனல் திறந்து கிடக்க, அதைச் சும்மா பார்த்திருக்கிறான். ஒரு இடத்தில் ஒயர் சேருகிற முனை மட்டும் அடுப்புக் கங்கு மாதிரித் தெரிந்திருக்கிறது. வெறும் கண்ணால் பார்த்தால் ஒன்றுமே இல்லை. முனை லூசாக இருந்தால் அப்படிச் சூடேறுமாம், விட்டால் ஒருநாள் பற்றிக்கொள்ளுமாம். அந்தப் பேனலுக்குப் பின்பக்கம் பெண்கள் நூல் சுற்றுகிற ஹால். மணி பதறிப்போய் மேனேஜரைக் கூட்டி வந்து காட்டினான். மெஷினை நிறுத்தினால் உற்பத்தி போகும் என்று மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம்.

"சூடாத்தான தம்பி இருக்குது, எரியலையல்ல?"

தோப்பு முதலாளி வந்தார்

கடைசியில் நான் காத்துக்கொண்டிருந்தவரே கடைக்கு வந்தார். சேவியர் வேலை பார்க்கிற தோப்புக்காரர். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, அட, நம்ம சேவியர் சம்சாரமா, குழந்தை பள்ளிக்கூடம் போகுதா என்று அன்பாகவே கேட்டார். தோப்பில் யானைத் தொந்தரவு அதிகமாகிவிட்டது, போன வாரம்கூட இளங்கன்றுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டது என்றார். எனக்கு அது தெரியாதா? அன்றைக்குக் காலையில் வீட்டுக்கு வந்த சேவியர் காபியைக்கூடக் குடிக்காமல் செருப்புச் சேற்றைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கு நான் விற்ற மாதிரி அதற்கு முன்னும் விற்றதில்லை, பின்னும் விற்கவில்லை. கடை வாசலுக்குக் கூட்டிப்போய்த் தூரத்து வாழைத்தோட்டத்தைக் காட்டினேன். இலைகளுக்கு நடுவில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ஆளின் தலையும் தோளும் துண்டு துண்டாகத் தெரிந்ததைப் பார்த்து அசந்துவிட்டார். இந்த ஆள் இருக்கிற தூரத்தில் யானை என்றால் இன்னும் எவ்வளவு பெரியதாகத் தெரியும் பாருங்கள், காவல்காரர் பத்திரமாக ஒதுங்கி நின்று பட்டாசு போடலாம் என்றேன். பேரம்கூடப் பேசாமல் வாங்கினார். நான் பெட்டியைத் துடைத்து, சார்ஜரைச் சரிபார்த்து, என் கையாலேயே பையில் போட்டுக் கொடுத்தேன். அன்று சாயந்தரம் சேவியருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தேன்.

"இனிமே ராத்திரி சேவியரப் பத்தி எனக்குக் கவலையே இல்ல கண்ணு."

பொருள் இருக்கிற இடம்

ஒரு வாரம் போனது. பொருள் எப்படி இருக்கிறது என்று சேவியரைக் கேட்டால், எந்தப் பொருள் என்றார். நான் சொன்னதும் யோசித்துவிட்டுச் சிரித்தார். கொஞ்ச நாளாக முதலாளி நேரம் கெட்ட நேரத்தில் போன் போட்டு, ஏன்டா கிழக்குப் பக்கம் போகலை, ஏன்டா சாளைக்குள்ளயே இருக்கே என்று கேட்கிறாராம். சாளை என்பது காவல்காரர் ஒதுங்குகிற கீற்றுக் கொட்டகை. எப்படித்தான் கண்டுபிடிக்கிறாரோ என்று இருந்தேன், நீதான் வித்துப்போட்டியா என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்.

என்னால் நம்ப முடியவில்லை. தோப்பு பங்களாவில் கேமரா பிடிப்பதைப் பதிவு பண்ணுகிற டிவிஆர் பெட்டி பழுது என்று மணி போகிற நாளாகப் பார்த்து, தெர்மல் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்து வரச் சொன்னேன். முதலாளி மாடியில் அதற்கென்று ஒரு நாற்காலி போட்டு, ராத்திரி கொஞ்ச நேரம் திறந்த மாடியில் உட்கார்ந்து காவல்காரர்கள் நடக்கிறார்களா தூங்குகிறார்களா என்று பார்ப்பாராம். யானைச் சத்தம் கேட்டதிலிருந்து நாற்காலியை அறைக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டாராம். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே மணி சாமான் பையை இறக்கி வைத்தான்.

"பொருளு பத்திரமா இருக்குதுக்கா, ஏசி ரூம்ல."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

அதற்கப்புறம் ஒரு காலையில் சேவியர் நொண்டிக்கொண்டே வீடு வந்தார். மோட்டார் ரூம் மூலையைத் திரும்பினால் கைக்கெட்டுகிற தூரத்தில் யானை நிற்கிறதாம். டார்ச்சைப் போட்டுவிட்டு வாய்க்காலுக்குள் விழுந்து கிடந்து தப்பித்திருக்கிறார். முழங்கால் வீங்கி, முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. மருந்து போட்டுப் படுக்கவைத்துவிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு நான் கடைக்கு வந்தால், எனக்கு முன்னால் தோப்பு முதலாளி வந்து நிற்கிறார். தெர்மல் பெட்டி கவுண்ட்டர் மேல் இருக்கிறது. பொருள் சரியில்லை, ராத்திரி முழுக்கப் பார்த்தேன், யானையே காட்டவில்லை, யாரோ ஒருத்தன் மங்கலாக ஒரே இடத்தில் ஆடாமல் நின்றதைத்தான் காட்டியது, சேவியரைப் போனில் கூப்பிட்டு அவனைப் பிடிடா என்றால் யாருமே இல்லை என்கிறான் என்று எங்கள் கடை முதலாளியிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

எங்கிருந்து பார்த்தீர்கள் என்று கேட்டேன். அறைக்குள்ளிருந்து, ஜன்னல் கண்ணாடி வழியாக என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கண்ணாடி நம் கண்ணுக்குத்தான் கண்ணாடி. தெர்மலுக்கு அது சுவர். போதாததற்குப் பார்க்கிறவருடைய சூட்டையே திருப்பிக் காட்டும். கருவியைக் கையில் கொடுத்து எங்கள் கடைக் கண்ணாடிக் கதவுக்கு நேராக நிறுத்தினேன். ரோடு தெரியவில்லை, டீக்கடை தெரியவில்லை, மங்கலாக ஓர் ஆள் மட்டும் கையைக் கண்ணுக்கு வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. ராத்திரி முழுக்க நீங்கள் பார்த்தது உங்களைத்தானுங்க என்றேன். அவருக்கு ஒன்றும் சங்கடமாக இல்லை. அப்படியா, அப்போ எப்படிப் பார்க்கிறது என்றார். ஜன்னலைத் திறந்துவிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் வெளியே நின்று பாருங்கள் என்றேன். ஜன்னலைத் திறந்தால் கொசு, வெளியே யானை வருமே என்றார்.

எங்கள் முதலாளி நல்ல வாடிக்கையை விட்டுவிடக்கூடாது என்று பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அதற்குப் பதிலாகச் சாளைக்குள் கட்டிலைப் பார்க்கிற மாதிரி ஒரு கேமரா மாட்டினால் போதும், செல்போனிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்றார் தோப்புக்காரர். மணி கேமரா டப்பாவை எடுக்க உள்ளே போனான். நான் அந்த இடைவெளியில் வாயைத் திறந்தேன். ஐயா, இதைத் திருப்பிக் கொடுக்காமல் சேவியர் கையில் கொடுத்துப் பாருங்களேன், வெளியே நிற்கிறவர் அவர்தானே, இன்றைக்குக் காலையில் உயிரோடு வந்ததே பெரிய விஷயம் என்றேன். அவர் என்னை நிஜமாகவே புரியாமல்தான் பார்த்தார். கோபமோ கிண்டலோ துளிகூட இல்லை.

"அவனுக்கு எதுக்கு கண்ணு இது, அவன்தான் யானைக்குப் பக்கத்துலயே நிக்கறானே?"

ஆகையால் தெர்மல் எதற்கெல்லாம் ஆகும் என்று யாராவது என்னைக் கேட்டால் பன்னிக்கு ஆகும், பங்காளிக்கு ஆகும், மோட்டாருக்கு ஆகும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவேனுங்க, காவல்காரருக்கு ஆகுமா என்று கேட்கும்போது மட்டும், காவல்காரருக்கென்று முதலாளிமார் வாங்கிப்போகிற கேமரா டப்பாவைக் கவுண்ட்டரில் எடுத்து வைத்துவிடுவேன்.