நடந்துவிட்டதாகச் சொன்ன மன்னிப்பு

எங்கள் தமிழ்ச் சபை பெஹாலாவில் ஒரு பெங்காலிப் பள்ளிக்கூடத்தில் ஞாயிறு மதியம் கூடுகிறது. பெஞ்சுகள் சின்னப் பிள்ளைகளுக்கானவை, முழங்கால் இடிக்கும். பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஜெபத்தில் கேட்டது இன்னும் கிடைக்காவிட்டாலும், கிடைத்துவிட்டதாகவே எழுந்து சொல்லி நன்றி செலுத்த வேண்டும். அதுதான் விசுவாசம் என்பார் பாஸ்டர். மகனுக்கு வேலை கிடைக்கும் முன்பே கிடைத்துவிட்டதாகச் சொன்னவர்கள் உண்டு. சிலருக்குக் கிடைத்தும் இருக்கிறது.

நான் சாட்சி சொன்னது ஒரே ஒரு முறை. பத்தாவதோடு படிப்பு நின்றவள் நான்; நாலு பேர் முன்னால் பேச வராது. லேக் கார்டன்ஸில் ஒரு பலகாரக் கடையில் முறுக்கும் மிக்சரும் பொட்டலம் கட்டுகிறேன். அன்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "என் தங்கச்சியை நான் மன்னிச்சுட்டேன். ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள்.

கணவர் இறந்த மறுவருடம், ஒரு ஜனவரியில், நான் ஞானஸ்நானம் எடுத்தேன். எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்திதான் கிறிஸ்தவள். அம்மா பாலிகஞ்சில் தங்கையோடு இருந்தாள். அந்த மழைக்காலத்தில் இறந்துபோனாள். தங்கை எனக்குப் போன் செய்தபோது தகனம் முடிந்து, வீட்டையும் கழுவிவிட்டிருந்தார்கள். "எல்லாம் ஆயிடுச்சு" என்றாள். நான் போனை வைத்துவிட்டேன். பிறகு பேசவில்லை.

ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து ஏறியபோது புது மனுஷி ஆகிவிட்டேன் என்றார்கள். எனக்குக் குளிர் மட்டும்தான் தெரிந்தது. உள்ளே போனவளும் வெளியே வந்தவளும் ஒருத்திதான். புதிதாக ஏதோ பிறகு வரும் என்று காத்திருந்தேன். தங்கை மேலுள்ள கோபம்தான் அதை வரவிடாமல் அடைக்கிறது என்று தோன்றியது. அதனால்தான் அந்தச் சாட்சி. சொன்னால் நடக்கும் என்று நம்பினேன். நடக்கவில்லை. சொல்லிவிட்டதால், செய்ய வேண்டும் என்பதே விட்டுப்போயிற்று. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. யார் மேலாவது மனத்தாங்கல் இருந்தால், திராட்சரசம் ஊற்றிய அந்தச் சின்னக் கிண்ணத்தை எடுக்கக் கூடாது. இரண்டு வருடம் நான் எடுத்துக் குடித்தேன்.

போன மாதம் கடையில், "கால் கிலோ தட்டை" என்று தமிழில் ஒரு குரல். நிமிர்ந்தால் தங்கை. தலை நரைத்திருந்தது.

"எங்க பில்டிங்ல சமைக்க வர்ற அம்மா உங்க சபையாமே. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'உங்கக்கா உங்கள மன்னிச்சுட்டாங்க, கேட்டப்ப உடம்பே சிலிர்த்துது'ங்கறா. ஊருக்கே சொல்லியிருக்கே. எனக்கு ஒரு போன் பண்ணத் தோணலியா?"

நான் தட்டையை எடுத்துப் பையில் திணித்தேன்.

"சரி, எதுக்கு மன்னிச்சே? அதையாவது சொல்லு."

"அம்மா முகத்தைக் கடைசியா காட்டலியே..."

"அம்மாதான் வேண்டாம்னா. 'அவ வந்து ஓரமா நின்னு கண்ணை மூடி வேற ஜெபம் பண்ணுவா, அதை நாலு பேர் பாக்க வேண்டாம், எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லு'ன்னு சத்தியம் வாங்கினா. உன்கிட்ட சொன்னா நீ தாங்குவியா? பழி என் மேலயே இருக்கட்டும்னு விட்டேன்."

பின்னால் நின்றவர், "ஏக்டு தாடாதாடி, தீதி" என்று அவசரப்படுத்தினார்.

தங்கை பையைப் பிடுங்கிப் பார்த்தாள். "எல்லாம் தூளாயிடுச்சு. அப்பவும் நீ இப்படித்தான். வாயைத் திறக்கிறதுக்குப் பதிலா கையில இருக்கறதை நொறுக்குவே." அந்தத் தூளையே வாங்கிக்கொண்டு போனாள்.

அம்மா நினைத்தது சரிதான். நான் ஓரமாக நின்று ஜெபித்துத்தான் இருப்பேன். என்னை நினைத்து வெட்கப்பட்டே அவள் போயிருக்கிறாள். அதைச் சுமந்தவளைத்தான் நான் பெரிய மனதோடு மன்னித்ததாகச் சபை நடுவில் சொன்னேன்.

பாஸ்டரிடம் போய், "அன்னிக்குச் சொன்ன சாட்சியை நான் திருப்பி எடுக்கணும்" என்றேன்.

"அப்படி ஒரு வழக்கம் இல்லையேம்மா. விசுவாசத்துல சொன்னதுதானே. இப்ப மனசார மன்னிச்சுடுங்க, சரியாயிடும்."

"மன்னிக்கிறதுக்கு அவ மேல தப்பே இல்ல, பாஸ்டர்."

அவர் என் தலைமேல் கை வைத்து, "ஜெபிப்போம்" என்றார். கண்களை மூடிக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை. வீடு வரும்வரை, இத்தனை வருடம் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்றே தெரியவில்லை.

இந்த மாதத் திருவிருந்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அந்தச் சமையல்காரம்மாதான். கிண்ணங்கள் அடுக்கிய தட்டு எங்களிடம் வந்தது. அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு என்னை இடித்தார்.

"எடுங்க, சிஸ்டர். பின்னால காத்திருக்காங்க."

"எனக்கு வேண்டாம். நான் தங்கச்சிகிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"நீங்கதானே அவங்கள மன்னிச்சீங்க?"

"இல்ல. அது நடக்கவே இல்ல."

தட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டது. எல்லாரும் குடித்தார்கள். அவர் மட்டும் கிண்ணத்தைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். பாஸ்டர் ஜெபத்தை முடிக்கும்போது அந்தம்மா என் காதருகில் குனிந்தார்.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு நான் அங்க சமைக்கப் போவேன். கூட வர்றீங்களா?"

வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் போகாமல் இருந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.