நனையாத பாய்

எங்கள் படகின் முன்பாய் கிழிந்து இரண்டு மாதமாகிறது. புதுப் பாய்க்கான துணி மாதிரிகள் சாப்பாட்டு மேசையிலேயே கிடக்கின்றன. ஆக்லாந்தில் கோடையே முடியப்போகிறது. லேசான துணியா, கனமானதா என்று என் கணவர் இன்னும் முடிவு செய்தபாடில்லை. எரிச்சலில் ஒன்றை எடுத்துக் கசக்கினேன். மொறமொறவென்றது.

அதே சத்தத்தைத் தரங்கம்பாடியில் கேட்டிருக்கிறேன். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன மாமா, அப்பாவின் கட்டுமரத்துக்குப் பாய் தைக்கப் பாலியஸ்டர் துணி அனுப்பியிருந்தார். அதுவரை எங்களுடையது பருத்திப் பாய். கடலில் இறங்குமுன் அப்பா அதன்மேல் தண்ணீரை வாரி இறைப்பார். நனைந்தால் நூல் உப்பிக்கொள்ளும், காற்று ஊடே போகாது.

புதுப் பாயிலும் இறைத்தார். தண்ணீர் வழிந்தோடியது. மறுபடி இறைத்தார்.

"இதுக்குத் தண்ணி வேணாங்க, அண்ணன் சொல்லுச்சு. சும்மாவே காத்து புடிக்கும்," என்றாள் அம்மா.

"நனையாதது என்ன பாயி?" என்று அவிழ்த்துப் போட்டுவிட்டார்.

ஒட்டுப்போட்ட பழைய பாயோடு போய், மீன் ஏலம் முடிந்தபிறகு கரை சேர்ந்தார். அந்த வருஷம் முழுக்க அப்படித்தான். புதுப் பாயில் அம்மா கருவாடு காயப்போட்டாள். அப்பாமேல் எனக்கு வந்த கோபம் இன்றுவரை தணியவில்லை.

"எதுன்னு நீயாவது சொல்லேன்," என்றார் கணவர்.

பக்கத்திலிருந்த டம்ளர் தண்ணீரைக் கனமான துணியின்மேல் கவிழ்த்தேன். ஒரு சொட்டுகூட இறங்காமல் மேசையில் வழிந்தது.

"இது வேணாங்க."

"ஏன்?"

சொல்ல என்னிடம் அப்பாவின் பதில் மட்டுமே இருந்தது.