ஓட்டையைச் சுற்றி எழுதிய கை

1. பத்து நிமிடத் தீர்ப்பு

பழைய கிரேக்க பைபிள் பிரதிகளை எழுதியது எத்தனை கை, தோலை எப்படிப் பதம் செய்தார்கள், வரிக்குக் கோடு எப்படிப் போட்டார்கள் என்று பார்த்துப் பட்டியலிடுவது என் வேலை. திருவனந்தபுரத்தில் ஒரு இறையியல் கல்லூரியில் பல வருடங்களாகச் செய்கிறேன். பெரும்பாலும் ஸ்கேன் செய்த படங்கள்தான். அசல் தோல் கைக்கு வருவது அபூர்வம்.

நான் வேலைக்குச் சேர்ந்து எட்டாவது மாதம் சாமுவேல் சார் வந்தார். நாகர்கோவில்காரர், இங்கே கரமனையில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். கையில் ஒரு தோல் ஏடு. கப்பலில் சமையல்காரராக இருந்த மாமனார் ஏதோ துறைமுகத்தில் வாங்கியதாம். கல்லூரிக்கே கொடுத்துவிட வந்திருந்தார்.

லூக்கா சுவிசேஷத்தின் ஒரு பகுதி. நடுவில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. ஒரு எழுத்துகூட அறுபடவில்லை. வரிகள் ஓட்டையை விட்டு விலகிப் போயிருந்தன. பூச்சி அரித்திருந்தால் எழுத்தையும் சேர்த்தே அரித்திருக்கும். எனவே ஓட்டை விழுந்த பழைய தோலில் பிறகு யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

"இது போலி சார்," என்றேன். பிரிவுத் தலைவரான ஃபாதரும் இரண்டு மாணவர்களும் அருகில் நின்றார்கள்.

"சரி மேடம். படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று ஏட்டைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு போனார். படம் எடுத்து வைத்தது மட்டும்தான் நான் ஒழுங்காகச் செய்த காரியம்.

2. வலியசாலைக் கடை

அடுத்த வருடம் மகளின் மிருதங்கத்துக்குத் தோல் மாற்ற வலியசாலையில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் ஊறவைத்த தோலை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஒன்றை மட்டும் ஒதுக்கி வைத்திருந்தார். அதில் வட்டமாக ஒரு ஓட்டை.

"பூச்சியா?" என்று கேட்டேன்.

"பூச்சியில்ல மாமி. உரிக்கும்போ கத்தி பட்டது. கடுகத்தனைதான் இருந்தது. இழுத்துக் கட்டினா இப்படி வாய் தொறக்கும். விளிம்பத் தொட்டுப் பாருங்கோ."

தொட்டுப் பார்த்தேன். தடித்து, வழவழப்பாக இருந்தது.

மிருதங்கத்தை அங்கேயே விட்டுவிட்டு ஆபீசுக்குப் போய்ப் பழைய படங்களைத் திறந்தேன். சாமுவேல் சாரின் ஏட்டிலும் அதே தடித்த விளிம்பு. ஒரு சொல்லின் பாதி ஓட்டைக்கு இடப்பக்கம், மீதி வலப்பக்கம். பின்பக்கமும் அப்படியே. ஓட்டை பிற்காலத்தில் விழுந்ததல்ல, தோலை இழுத்துக் கட்டியபோதே விழுந்தது; எழுதியவருக்குப் புதுத் தோல் கிடைத்ததே ஓட்டையோடுதான். போலி என்பதற்கு நான் சொன்ன ஒரே காரணம் போய்விட்டது. மற்றபடி மையிலோ கோட்டிலோ எழுத்தின் வடிவத்திலோ சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

3. கரமனையில் ஒரு வீடு

மறுநாள் காலை சாமுவேல் சார் வீட்டுக்குப் போனேன். ஏட்டைக் கேட்டதும் ஷோகேஸிலிருந்து எடுத்து வந்தார். லேமினேட் செய்திருந்தது. சூட்டில் தோல் சுருங்கி, ஒரு பாதி கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. எட்டு வரிகளை வாசிக்கவே முடியவில்லை.

"டூப்ளிகேட்டுதானேன்னு கிழக்கேகோட்டையில ஒரு கடையில குடுத்து லேமினேட் போட்டேன். பிள்ளைங்க பாக்கட்டும்னு," என்றார்.

"நான் சொன்னது தப்பு சார். அது போலின்னு சொல்ல எந்தக் காரணமும் இல்ல."

அவர் மனைவி கிரேஸ் அம்மா அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க அப்பாவ எவனோ நல்லா ஏமாத்திட்டான்னு ஒரு வருசமா சிரிச்சுட்டு இருக்காரு," என்றார் என்னிடம். "இப்பம் சொன்னத அவருட்ட இன்னொருக்கச் சொல்லுங்க."

சொன்னேன். சாமுவேல் சார் தலையைக் குனிந்துகொண்டார். "தப்பு எம்மேலயும் இருக்கு, கிரேஸு," என்றார்.

அந்த அம்மா ஏட்டை முந்தானையால் துடைத்து என்னிடம் கொடுத்தார். "அப்பா பேரப் போட்டு வையுங்க."

பிளாஸ்டிக்கைப் பிரித்தால் மையும் சேர்ந்து வந்துவிடும் என்று பழம்பிரதிகளைப் பாதுகாக்கும் நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள். ஏடு இன்றும் அப்படியேதான் இருக்கிறது. ஏடு கொண்டுவருபவரிடம் முதல் நாளே அசல், போலி என்று நான் இப்போதெல்லாம் சொல்வதில்லை. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதிக்கொள்கிறேன். வேலைக்கு வரும் புதியவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

பட்டியலில் 'சேதத்தின் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'பட்டியலாளரின் தவறான கணிப்பு' என்று எழுதி என் பெயரையும் போட்டேன்.

ஃபாதர் பார்த்துவிட்டு, "இது வேணோ மீனாட்சி? சூடுன்னு எழுதினா போராதோ?" என்றார்.

"சூடு ரெண்டாவது காரணம் ஃபாதர்," என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.