தெர்மாகோலுக்குப் பின்னால்

பெண்டாட்டிக்குக் காரியம் முடிந்த மறுநாளே பிச்சைமணி ஸ்டூடியோவைத் திறந்துவிட்டார். ஊர் சும்மா இருக்குமா? "கல்லு மனுசன்யா" என்றது. சுடுகாட்டில் அவர் அழவில்லை, வீட்டுக்கு வந்தும் அழவில்லை. கடை திறந்த அன்றைக்குப் பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்த ஆளிடம் "தாடையக் கொஞ்சம் எறக்குங்க" என்று அதே பழைய குரலில்தான் சொன்னார். போடி கடைத்தெருவில் டீ குடிக்கிறவர்களுக்கு ஒரு வாரத்துக்கு அதுதான் பேச்சு.

சொன்னவர்களைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? அவருக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. துக்கம் வரும், வரும் என்று காத்துக்கொண்டுதான் இருந்தார். வந்தபாடில்லை. சோற்றில் உப்புப் போட்டிருக்கிறதா என்று தெரியவில்லை. வெயிலில் நடந்தால் சுடவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி ஆள் முழுக்க மரத்துக் கிடந்தார். வருஷம் திரும்பப் போகிறது, இன்னும் அப்படியேதான்.

பிச்சைமணி சாதாரண போட்டோக்காரர்தான். ஆனால் மலைமேல் ஏலக்காய் எஸ்டேட்டு வைத்திருப்பவர்களுக்கு அவரைத் தெரியும். காலண்டருக்கும் ஏலக்காய் பாக்கெட்டு அட்டைக்கும் படம் வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாண வீட்டுக்கு யார் வேண்டுமானாலும் போகட்டும், பெரிய படம் என்றால் அது என் சோலி என்று ஒரு கெத்து அவருக்கு. அகல ஃபிலிம் போடுகிற பெட்டி மாதிரி கேமரா ஒன்றை வைத்துக்கொண்டு, ஊரெல்லாம் டிஜிட்டலுக்கு மாறிய பிறகும் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தார். ஒரு ரோலுக்குப் பத்துப் படம்தான். அந்தப் பத்தை அவர் செலவழிக்கிற அழகைப் பார்த்தால், சொந்தப் பல்லைப் பிடுங்கிக் கொடுக்கிறாரோ என்று தோன்றும்.

அதனால் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. அந்தக் காலத்துப் போட்டோக்காரர்கள் பலருக்கும் இருந்த பழக்கம்தான். விசேஷ வீட்டில் ஒன்றுவிட்ட சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆளாளுக்கு "எங்களையும் ஒண்ணு எடு" என்று வந்து நின்றால், ஃபிலிமை நகர்த்தாமல் ஃப்ளாஷை மட்டும் அடித்துவிடுவார்கள். வெளிச்சம் வந்தால் போதும், அவர்களும் சந்தோஷமாகப் பந்திக்குப் போய்விடுவார்கள். பிச்சைமணி அதற்கு 'வெறும் வெளிச்சம்' என்று பேர் வைத்திருந்தார்.

வெறும் வெளிச்சத்தை அவர் அதிகம் அடித்தது யார் மேல் என்றால், அனுசியா மேல்தான்.

கல்யாணமான புதிதிலிருந்தே அவரோடு மலையேறியவள் அனுசியா. எஸ்டேட்டுக்காரர்கள் சட்டை மாற்றி, தலை வாரி வருவதற்குள் வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டுமே? அவளை நிறுத்துவார். ஒன்றிரண்டு வெறும் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார். "ஒரு தடவையாச்சும் ஃபிலிமப் போட்டு அடிங்களேன்" என்று அவள் சிரிப்பாள். "உனக்கென்ன, வீட்லதான இருக்க" என்பார் இவர். பிறகு ஆட்கள் வந்ததும் அவள் வேலை மாறிவிடும். வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைத் தூக்கிக்கொண்டு எதிரில் நிற்க வேண்டும். ஏலத்தோட்டம் முழுக்க மரநிழல். மேலிருந்து வருகிற வெளிச்சத்தை அட்டையில் வாங்கி ஆள் முகத்தில் திருப்பினால்தான் கண் தெரியும். அதை அனுசியா மாதிரி பிடிக்க ஆளில்லை. கை ஓய்ந்தாலும் அசைய மாட்டாள். "போதும், எறக்கு" என்று அவர் சொன்னால்தான் அட்டை கீழே வரும்.

அவளுடைய வலது சுண்டுவிரல் மட்டும் மடங்காது. சின்ன வயதில் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் சூட்டுக் குழாயில் பட்டு வெந்தது. அட்டையைப் பிடிக்கும்போது அந்த விரல் தனியாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

ஃபிலிம் கழுவித் தந்த மதுரை லேபை மூடிய பிறகுதான் பிச்சைமணியின் பிடிவாதம் உடைந்தது. அதே அகலத்தில் டிஜிட்டல் கேமரா வருகிறது, மீடியம் ஃபார்மேட் என்று பேர், எறும்பு கடித்த தழும்புகூட விழும் என்று கொச்சியில் விளம்பரப் படம் எடுக்கிற ஒருவர் சொன்னார். தன்னிடம் இருந்த பழைய கேமராவைத் தருவதாகவும் சொன்னார். புருஷனும் பெண்டாட்டியும் போடிமெட்டு வழியாக பஸ்சில் போய் வாங்கி வந்தார்கள். திரும்பி வரும்போது வளைவுக்கு வளைவு அனுசியாவுக்குக் குமட்டியது. ஆனால் மடியில் இருந்த கேமராப் பையை மட்டும் அவரிடம் கொடுக்கவில்லை. "இதுல ஃபிலிம் செலவு இல்லைல்ல? இனி வெறும் வெளிச்சம் கெடையாது, பாத்துக்கங்க" என்றாள்.

அவரும் "ஆமா" என்றுதான் சொன்னார்.

அந்தக் கேமராவுக்கு வந்த முதல் பெரிய வேலை குரங்கணிக்கு மேலே. பாண்டியராஜன் என்ற ஏலக்காய் வியாபாரி தன் அம்மா பெரியம்மாளின் படத்தைப் பாக்கெட்டில் போட ஆசைப்பட்டார். கிழவி கண்டாங்கிச் சேலையும் பெரிய கண்ணாடியுமாகக் கைநிறையப் பச்சை ஏலக்காயை வைத்துக்கொண்டு தோட்டத்தில் உட்கார்ந்திருந்தது. அனுசியா அட்டையோடு எதிரில் போய் நின்றாள். பிச்சைமணி கேமராவிலிருந்து மெமரி கார்டை வெளியே எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஏன் எடுத்தார் என்று கேட்டால் என்ன சொல்வது? கார்டு இல்லாமலும் அந்தக் கேமரா அடிக்கும். எடுத்த படம் கொஞ்ச நேரம் திரையில் நின்றுவிட்டுப் போய்விடும். வெளிச்சம் பார்க்கத்தானே, எதற்குக் கார்டில் குப்பை சேர வேண்டும் என்று நினைத்தார். ஃபிலிம் போய்விட்டது, ஃபிலிம்காரன் கை போகவில்லை.

அடித்தார். படம் திரையில் வந்தது. விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். கிழவியின் கண்ணாடிக்குள்ளே, அட்டைக்கு மேலே அனுசியாவின் முகம் அப்படியே தெரிந்தது. பொட்டு தெரிந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அடேயப்பா, என்ன கேமரா என்று அவருக்கு வாய் பிளந்தது. கூடவே எரிச்சலும் வந்தது.

"ஏய், கண்ணாடிக்குள்ள ஒம் மூஞ்சி தெரியுது. ஏத்திப் பிடி" என்றார்.

அவள் ஏற்றிப் பிடித்தாள்.

"இன்னும் ஏத்து. ஆளே தெரியக்கூடாது."

முகம் மறைந்தது. கண்ணாடியில் வெறும் வெள்ளைச் சதுரம்தான் நின்றது. படம் பாக்கெட்டு அளவுக்குச் சின்னதாக இருந்தால், பார்க்கிறவர்கள் கண்ணாடியில் விழுந்த வெளிச்சம் என்று விட்டுவிடுவார்கள். அதன்பிறகு கார்டைப் போட்டு, மனம் நிறைய எடுத்தார்.

பாக்கெட்டு நன்றாக ஓடியது. ஆடி மாதத்தில் ஒரு காலை, அடுப்படியில் நின்றிருந்த அனுசியா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மகள் சுஜாதாவைச் சின்னமனூரில் கட்டிக் கொடுத்திருந்தது. முதல் வருஷம் கும்பிட ஒரு மாதம் இருக்கும்போது அவள் வந்தாள். "யப்பா, அம்மா படம் ஒண்ணு பெருசா போட்டுக் குடுங்க. ஊருக்கெல்லாம் போட்டிங்கள்ல" என்றாள். குத்திக் காட்டவில்லை, கேட்டாள், அவ்வளவுதான். பிச்சைமணி தேடினார். சுஜாதா கல்யாணப் படங்களில் அனுசியா குனிந்து பாத்திரம் எடுத்துக்கொண்டிருந்தாள், இல்லாவிட்டால் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். போனில் இருந்ததைப் பெரிதாக்கினால் முகம் உதிர்ந்து போயிற்று. ரேஷன் கார்டுப் படத்தை என்னவென்று சொல்ல? அவருடைய கேமராவுக்கு முன்னால் நின்று, அவரைப் பார்த்த மாதிரி ஒரு படம் இல்லை. வாழ்நாளெல்லாம் முன்னால் நின்றவள்தான். தேடி முடித்துவிட்டு டீ குடிக்கப் போனார். அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை.

பாண்டியராஜன் போன் செய்தது அந்த வாரம்தான். "மணியண்ணே, தேனி ரோட்டுல போர்டு வைக்கப்போறோம். ரெண்டு ஆள் ஒசரம். அம்மா கண்ணாடிக்குள்ள என்னமோ நிழலு தெரியுதுன்னு டிசைன் பண்றவரு சொல்றாரு. அதக் கொஞ்சம் வெரசா அழிச்சுக் குடுத்துருங்கண்ணே."

அழித்துவிடலாம் என்று கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தார். கிழவியின் முகத்துக்குள் போனார். சுருக்கம், ரோமம், கண்ணாடிச் சட்டத்தின் கீறல். இன்னும் உள்ளே போனார். வெள்ளைச் சதுரம் விரிந்து தெர்மாகோல் அட்டையாயிற்று. அட்டையின் இரண்டு ஓரத்திலும் விரல்கள். வலது ஓரத்தில் ஒரு சுண்டுவிரல் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. அட்டைக்குக் கீழே பச்சைச் சேலை, ரப்பர் செருப்பு, காலில் அட்டைப்பூச்சி ஏறாமலிருக்க அவள் தேய்த்திருந்த சுண்ணாம்பு. பக்கத்தில் கேமராவுக்குப் பின்னால் குனிந்தபடி அவரே நின்றார். அவருக்கும் முகமில்லை. இரண்டு பேரும் சேர்ந்து நின்ற ஒரே வேலைநேரப் படம் அதுதான்.

பிச்சைமணிக்கு அன்றைக்கு எடுத்த முதல் படம் ஞாபகம் வந்தது. பொட்டும் கடித்த உதடும் ஞாபகம் வந்தது. எழுந்து அலமாரியிலிருந்த கார்டுகளை எல்லாம் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். குரங்கணிப் படங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் அட்டை ஏறியே இருந்தது. ஏறாத படம் அடித்தபோது கார்டு எங்கே இருந்தது என்பது அவருக்குத் தெரியாதா? ஆனாலும் கடைசிக் கார்டு வரைக்கும் பார்த்தார். பிறகு சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். பைத்தியக்காரத்தனம்தான், வேறென்ன?

வியாபாரிக்குக் கண்ணாடியைத் துடைத்துச் சுத்தமாக அனுப்பினார். வேலை வேலைதானே. துடைக்காத படத்தில் கண்ணாடியின் அந்தத் துண்டை மட்டும் வெட்டிப் பெரிதாகப் பிரிண்டு போட்டுச் சட்டம் மாட்டினார்.

வருஷத்துக்குச் சுஜாதா விடியவே வந்துவிட்டாள். சொந்தபந்தம் வருவதற்கு முன்னால் அவர் படத்தைக் கொண்டுவந்து சுவரோரம் வைத்தார். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"அம்மா கைதான். சுண்டுவெரலப் பாருங்க" என்றாள். பிறகு கேட்டாள், "மூஞ்சி எங்கப்பா?"

"நாந்தான் ஆத்தா மறைக்கச் சொன்னேன்."

சுஜாதா மாலையைப் போட்டாள். சந்தனமும் குங்குமமும் வைக்க விரலை நீட்டினவள், எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றாள். எதிரே வெள்ளை அட்டைதான் இருந்தது. விரலில் சந்தனம் காய ஆரம்பித்தது.

பிச்சைமணி கிட்டே வந்தார். அனுசியாவின் உயரம் அவருக்குத் தெரியும். பக்கத்தில் நின்றால் அவர் தோளுக்கு வருவாள். படத்தில் குனிந்து நிற்கிற தன்னை மனதில் நிமிர்த்திப் பார்த்துக்கொண்டார். சந்தனத்தைத் தொட்டு அட்டையின் மேல்பாகத்தில், நெற்றி எங்கே இருக்குமோ அங்கே வைத்தார். அதன்மேல் குங்குமத்தை வைத்தார். வைத்த விரலை எடுக்க முடியவில்லை. கண்ணாடிச் சட்டம் குளிர்ந்திருந்தது. அந்தக் குளிர் அவருக்குத் தெரிந்தது.

குரங்கணியில் அன்றைக்கு வேலை முடிந்ததும் அவர் திரையைப் பார்த்துக்கொண்டே ஜீப்புக்கு நடந்துவிட்டார். அனுசியா அட்டையை எப்போது இறக்கினாள் என்று அவர் பார்க்கவில்லை. இறக்கச் சொல்லவும் இல்லை. அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. மற்றக் கையால் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். சுஜாதா பயந்து "யப்பா" என்று தோளைப் பிடித்தாள்.

"போதும் அனுசியா" என்றார் பிச்சைமணி. "கை வலிக்கும். எறக்கு."