இருநூறு பெயர்களும் ஒரு ஃப்ளாப்பியும்

விற்றவன் திருடன். கம்ப்யூட்டருக்கு முழு விலை வாங்கிக்கொண்டு, அதோடு நமக்கு வரவேண்டிய விண்டோஸ் சிடியைத் தன் கடை அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டான். சிடி நம் கையில் இருந்தால் நாம் திரும்ப அவனிடம் போக மாட்டோமே, அதற்காக.

இந்தக் குரூப்பில் எல்லோரும் பழைய மானிட்டர் படம் போட்டு ஏங்குகிறீர்கள்... எனக்கு ஏக்கம் வரவில்லை. அந்தக் கறுப்புத் திரையும் அதில் ஒரே ஒரு வெள்ளை வரியும்தான் ஞாபகம் வருகிறது.

NTLDR is missing. விண்டோஸைக் கிளப்பிவிடும் ஃபைலைக் காணோம் என்று அர்த்தம்.

2004. எனக்கு இருபத்திரண்டு வயது. மயூர் விஹாரில் சேகர் சாரின் டைப்பிங் கடையில் வேலை. அவருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி. டில்லிக்கு வந்து இருபது வருஷமாகியும் ஆயுத பூஜையை மட்டும் விட்டதில்லை. பூஜைக்கு முந்தின நாள் ஃபேன், மேஜை, பிரிண்டர் எல்லாம் துடைத்தார். பிறகு கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார். சி டிரைவைத் திறந்து, தனக்குப் பேர் புரியாத ஃபைல்களை ஒவ்வொன்றாக அழித்தார். விண்டோஸ் எச்சரித்தது. இவர் ‘யெஸ்’ கொடுத்தார்.

மறுநாள் சந்தனம், குங்குமம், பொரி. மெஷினுக்கு ஓய்வு. அதற்கடுத்த நாள் தசரா. காலையில் நான் ஆன் செய்தபோது அந்த வெள்ளை வரி.

“வெளிய மட்டும் தொடச்சாப் போதுமாடே? உள்ளயும் தூசி தட்டணும்லா?” என்றார் சேகர் சார். முகம் வெளிறிப்போயிருந்தது.

அந்த மெஷினுக்குள் இருநூறு குடும்பங்கள் இருந்தன.

ஃப்ளாட்டுகளுக்குப் பின்னால், நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் ஓரம் இருந்த ஜுக்கியின், அந்தக் குடிசைப் பகுதியின் குடும்பங்கள் அவை. விழுப்புரம், சேலம் பக்கத்து ஆட்கள். பெண்களுக்கு வீட்டு வேலை, ஆண்களுக்குக் கட்டட வேலை. இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. பழைய ரேஷன் கார்டு உள்ளவர்களுக்கு மாற்று இடம் உண்டாம், அதற்கு அரசு அலுவலகத்தில் பெயர்ப்பட்டியல் கொடுக்க வேண்டுமாம். கடைசி நாள், தசராவுக்கு மறுநாள் காலை பத்து மணி. அந்த ஜுக்கியில் இருந்த செல்வி அக்காதான் மூன்று வாரமாகத் தினமும் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்கள் கார்டைக் காட்டக் காட்ட நான் டைப் செய்தேன். காகிதத்தில் எதுவும் இல்லை. அன்றைக்குத்தான் பிரிண்ட் எடுப்பதாக இருந்தோம்.

கம்ப்யூட்டர் விற்றவனுக்கு போன் போட்டேன். சிடி வேண்டும் என்றேன். சிடியெல்லாம் தருவதில்லை, நாளைக்கு மெஷினைக் கொண்டு வா, ஃபார்மேட் அடித்துத் தருகிறேன் என்றான் ஹிந்தியில்.

“டேட்டா, பையா?”

“வோ தோ ஜாயேகா.” அது போய்விடும். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்.

படுத்துவிட்ட மெஷினைக் கிளப்பும் பூட் ஃப்ளாப்பி பற்றி கம்ப்யூட்டர் க்ளாஸில் படித்திருந்தேன். இதே விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் இன்னொரு மெஷினில் ஒரு ஃப்ளாப்பியை ஃபார்மேட் செய்து, அதில் மூன்று சின்ன ஃபைல்களைக் காப்பி செய்தால் போதும், சிடியே தேவையில்லை. ஆனால் தசரா. சைபர் கஃபே உட்பட எல்லாம் ஷட்டர் இறக்கியிருந்தன.

“நான் வேலை செய்யற வூட்ல ஒண்ணு கீது. வா தம்பி, ஜல்தி” என்றார் பிரிண்ட் வாங்க வந்திருந்த செல்வி அக்கா.

அந்த வீட்டுக்காரர் ஏதோ ஒரு அமைச்சகத்தில் அதிகாரி. அவரும் தமிழர்தான். கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே பேசினார்.

“அதெல்லாம் ரிஸ்க்பா. வைரஸ் வந்துட்டா? அப்புறம் லைசென்ஸ் இஷ்யூ வேற இருக்கு. சிஸ்டமேடிக்கா கம்ப்ளெயின்ட் குடுங்க.”

“சார், நாலு வருசமா ஒங்க வூட்டுச் சாவி எங்கிட்ட கீது. பீரோ தொறந்தே கெடக்கும். இந்தத் தம்பி ப்ளாப்பிய நம்ப மாட்டீங்களா?”

ஹாலில் இருந்த அவர் மனைவி எழுந்து உள்ளே போய் கம்ப்யூட்டரை ஆன் செய்தார். நான் காப்பி செய்து முடிக்கும் வரை அந்த அதிகாரி என் முதுகுக்குப் பின்னால் நின்று, “வேற எதையும் தொடாதப்பா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

“இத்தினியூண்டு வேலைக்கா அம்மாம் பேச்சு?” என்றார் செல்வி அக்கா, படியிறங்கும்போது.

கடைக்கு வந்து ஃப்ளாப்பியைப் போட்டேன். கர்... கர்ர்... என்று அரைத்தது. திரை கறுப்பாகவே இருந்தது. சேகர் சார் சாமி படத்தைப் பார்த்தார், நான் அவரை முறைத்தேன். பிறகு நீலம் வந்தது. டெஸ்க்டாப் வந்தது. ஃபைல் அப்படியே இருந்தது.

“சார், அடுத்த பூசைக்கு எங்க ஜுக்கியச் சுத்தம் பண்ண வந்துறாதீங்க” என்றார் செல்வி அக்கா. சேகர் சாரால் சிரிக்கவும் முடியவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு முன்பே பட்டியலை அந்த அலுவலகக் கவுன்டரில் கொடுத்துவிட்டோம். குமாஸ்தா வாங்கி, பின்னாலிருந்த குவியலின் மேல் போட்டார். வாங்கியதற்குச் சீட்டு கேட்டேன். கிடையாது, போ என்றார். செல்வி அக்கா அங்கேயே அரை மணி நேரம் நின்று கேட்டார். காவலாளி வந்து வெளியே அனுப்பினான்.

குளிரில் புல்டோசர் வந்தது. சிலருக்கு ஊருக்கு வெளியே இடம் கிடைத்தது. செல்வி அக்காவுக்கும் இன்னும் பலருக்கும் பட்டியலில் பெயர் இல்லை என்றார்கள். நான் டைப் செய்த பெயர்கள் அவை. பிரிண்ட் எடுத்து ஒவ்வொரு பக்கமாக நானே சரிபார்த்தவை.

இப்போதெல்லாம் விண்டோஸ் படுத்துவிட்டால் ஒரு பட்டனைத் தட்டினால் போதும், அதுவே எழுந்துகொள்கிறது. சிடி என்றால் என்னவென்றே என் பெண்ணுக்குத் தெரியாது. நல்லதுதான். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

செல்வி அக்கா இன்னும் வாடகை அறையில்தான் இருக்கிறார். முட்டி தேய்ந்தும் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். அவருக்காகத் தகவல் கேட்டு விண்ணப்பம் போட்டேன். ‘அப்படி ஓர் ஆவணம் பதிவில் இல்லை’ என்று ஒரு வரி வந்தது. என்னிடம் இருக்கும் ஃபைலை அச்செடுத்துக் கொண்டு போனேன். சீல் இல்லாததால் செல்லாது என்றார்கள். மறுபடி எழுதினேன். பிறகு இரண்டு முறை எழுதினேன். இப்போது அந்த ஒரு வரிகூட வருவதில்லை.

ஐந்தாவது கடிதம் இன்று காலை தபாலில் போயிருக்கிறது. அதில் இருப்பது இவ்வளவுதான்.

2004 தசராவுக்கு மறுநாள் உங்கள் கையில் கொடுத்தோம். அந்தப் பட்டியல் எங்கே? எடுத்துக் காட்டுங்கள்.