கறுப்புக்குக் கீழே

மைன்ஸில் கரி எடுக்க ஆரம்பித்த புதிது. நெய்வேலி டவுன்ஷிப் மன்றத்தில் நவீன ஓவியர் ஒருவரின் இருபது வருஷப் படங்களை மாட்டியிருந்தோம். டிராயிங் மாஸ்டரான எனக்கு விளக்கம் சொல்லும் வேலை. எனக்கே பாதி புரியவில்லை என்பது வேறு விஷயம்.

பார்க்க வந்தவர்களில் ஒருவர் ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்தார்; சுரங்கத்தில் பம்பு ஆபரேட்டர். காது கொஞ்சம் மந்தம், அதனால் சத்தமாகப் பேசினார். எந்தப் படத்தின் முன் நின்றாலும் பக்கத்துச் சுவரில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டார். "பம்பு அதிருதான்னு பாத்துப் பாத்துப் பழக்கமாயிடுச்சுங்க" என்றார்.

கடைசிப் படம் ஓவியர் இங்கே வந்து தங்கி, எங்கள் சுரங்கத்தைப் பார்த்து வரைந்தது. மேலே சிவப்பு, நடுவில் வெள்ளை, அடியில் கறுப்புப் பட்டை. கறுப்பு என்பது ஓவியரின் துயரம் என்று வழக்கம்போல ஆரம்பித்தேன்.

"கரியோட நிறுத்திட்டாருங்களே" என்றார் அவர். "அதுக்குக் கீழதாங்க தண்ணி முட்டிக்கினு இருக்குது. பம்ப நிறுத்தினா தரையப் பொத்துக்கினு வந்துடும். உள்ள ஆளுங்க இருக்காங்க."

படத்துக்குக் கீழே வெறும் சுவரில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். சுரங்கம் அங்கிருந்து சில மைல் தள்ளி இருந்தது.

"பம்பு ஓடிக்கினு இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நானும் அதே இடத்தில் கை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் வந்தவர்களிடம் துயரம் என்ற வார்த்தையை நான் எடுக்கவில்லை.