அழாமல் போன இருவர்

இங்கிலாந்தின் இந்தக் கிழக்குக் கரை ஊரில் மேடே இல்லை. பதினொரு வருடமாகியும் என் கால்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சமதரையிலும் முன்னால் குனிந்தே நடக்கிறேன். போன வருடம் புருஷனிடம் வந்து சேர்ந்த என் தங்கை மலரும் அப்படித்தான் நடக்கிறாள், ஒரு கையை அடிவயிற்றில் வைத்துக்கொண்டு.

அவளுக்குப் பத்தாம் வாரம். ஆபீஸ்களைக் கூட்டித் துடைத்த களைப்போடு, மொழிபெயர்க்க நான் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனேன். இதற்கு முன் கர்ப்பமானதுண்டா என்று மிட்வைஃப் கேட்டாள்.

"இதுதான் மொதப் புள்ளன்னு சொல்லுக்கா."

சொன்னேன். மிட்வைஃப் வாழ்த்தினாள். பொய்யென்று எங்களுக்குத் தோன்றவில்லை. எங்கள் மலைத் தேயிலைத் தோட்டமான கந்தப்பளையில், லயத்து வரிசைவீடுகளில், அழாமல் போன பிள்ளையை யாரும் எண்ணுவதில்லை. மலருக்கு அப்படி இரண்டு. இரண்டும் ஐந்தாம் மாதத்தில், வலிகூட இல்லாமல் நழுவிப் போயின. "கூடையச் சொமந்துக்கிட்டு ஏத்தம் ஏறுனா எது தங்கும்? ஒனக்குக் கொழுந்துதானே பெருசு" என்றார் அவளுடைய மாமியார். அவள் பறித்த கொழுந்தில்தான் அந்த வீட்டில் அடுப்பெரிந்தது.

வாசல்வரை வந்தபின் அந்த 'வலிகூட இல்லாமல்' என் காலைப் பிடித்தது. திரும்பினேன்.

"வேணாக்கா. போனதுகளப் பத்திப் பேசுனா இதையும் கூட்டிக்கிட்டுப் போயிரும்."

மிட்வைஃபிடம் இரண்டையும் சொல்லிவிட்டேன். பஸ்ஸில் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் பெரிய டாக்டர் சுருக்குப்பை போல ஒன்றை வரைந்து காட்டினார். சிலருக்குக் கர்ப்பப்பையின் வாய் பாரம் தாங்காமல் முன்கூட்டியே திறந்துவிடுமாம். பதின்மூன்றாம் வாரத்தில் கீழ்வழியாகவே அதைச் சுற்றி ஒரு நூல் கட்டி, முப்பத்தேழாம் வாரத்தை ஒட்டி அவிழ்ப்பார்களாம். அதிலும் பிள்ளை தங்காதவர்களுக்கு வயிற்றைத் திறந்து இன்னும் மேலே கட்டுவார்கள். அந்த நூல் உள்ளேயே இருந்துவிடும், பிள்ளையை ஆபரேஷனில்தான் எடுக்க வேண்டும். மலருக்கு முதல் வழியே போதும் என்றார்.

"அப்ப கூடையால இல்லையாக்கா?"

டாக்டரிடம் கேட்டேன். தலையாட்டி மறுத்தார்.

"ஏத்தத்தாலயும் இல்லையா?"

அவர் எழுந்து போன பிறகும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நூல் கட்டியாயிற்று. ஐந்தாம் மாதத்தை நேற்றுத் தாண்டினோம். அவளுடைய ஃபைலின் முதல் பக்கத்தில், கர்ப்பங்கள் மூன்று என்று வேற்றுநாட்டுக் கையெழுத்தில் இருக்கிறது. மலர் அந்த எண்ணை விரலால் தடவிப் பார்க்கிறாள். இரண்டு பேர் கந்தப்பளையில், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேலே தேயிலையடியில். ஒருவர் இங்கே, ஒற்றை நூலில்.